இடிபடாத பாலம்

விசாரணை நடந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். ஜெர்மன் படையின் கர்னல் எக்பெர்ட் ஃபான் ராதென் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு நாற்காலி போட யாரும் சொல்லவில்லை.

ஆசிரியர் மேசைக்குப் பின்னால் ஒரு மேஜர். கர்னலின் மகன்களுடைய வயதுதான் இருக்கும். அந்த மகன்கள் இருவரும் ரஷ்யாவில் எங்கோ மண்ணுக்குள் கிடந்தார்கள்.

சுவரோரம் சார்ஜண்ட் ஹின்ரிக் நின்றிருந்தான். அவன்தான் சாட்சி.

"பிரபு அவர்களே, பாலத்தை ஏன் தகர்க்கலை? அது மேலதான ரஷ்யாக்காரன் டாங்கியோட வந்தான்? நம்ம பசங்க எத்தனை பேர் செத்தாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார் மேஜர்.

"தெரியும்" என்றார் கர்னல். "ஜனங்க கடந்துக்கிட்டிருந்தாங்க. நான் உத்தரவு கொடுக்கலை."

மேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பத்தான் முடியவில்லை.

முதல் உலகப் போரில் குதிரையேறி பெல்ஜியத்துக்குள் நுழைந்த இளம் லெப்டினன்ட் இவர். பிரான்சின் வெர்தூன் போர்க்களச் சேற்றில் இடது கண்ணைப் பறிகொடுத்தும் படையை விட்டுப் போகாதவர். ராதென் குடும்பத்தார் அரசர் இருந்தபோதும் சரி, அவர் போன பிறகும் சரி, மேலிடத்து வார்த்தையை மீறியதே இல்லை. இரண்டாம் போரில், ரஷ்யாவிலிருந்து பின்வாங்கி ஓடிவந்த சொந்தச் சிப்பாய்களைச் சுடும்படி உத்தரவு வந்தபோது, அதையும் நிறைவேற்றியவர்.

ஹின்ரிக்கால் தாங்க முடியவில்லை.

"ஐயா, அன்னிக்கு வந்து..."

"வாயை மூடுடா! அதிகாரிங்க பேசுற இடத்துல மாட்டுக்கொட்டாய்க்காரனுக்கு என்ன பேச்சு?" என்று அதட்டினார் கர்னல்.

அதைச் சொல்லும்போதும் அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

மேஜர் சிரித்தார். சாகப்போகிற நேரத்திலும் இந்தப் பரம்பரைப் பிரபுக்களின் திமிர் அடங்காது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

தூக்கு என்று முடிவானது.

தான் ஒரு ராணுவ அதிகாரி என்பதால் சுட்டுக் கொல்லும்படி கர்னல் கேட்டார். இரண்டு போர்களிலும் தனக்கென்று அவர் கேட்ட ஒரே சலுகை அது.

"கயிறுதான்" என்றார் மேஜர். "ஊர் பார்க்கட்டும்."

வெளியே ஏப்ரல் மாதத்துக் குளிர். கர்னல் தானே காலர் பொத்தானைக் கழற்றிக்கொண்டு படியிறங்கினார். ஹின்ரிக் விறைத்து நின்று சல்யூட் வைத்தான். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போனார்.

அன்று ஆற்றங்கரையில், "தகர்த்துடு! தகர்த்துடு!" என்று தொண்டை கிழியக் கத்தியவர் கர்னல்தான்.

வெடிகுண்டுக் கம்பியை வெட்டிப்போட்டவன் ஹின்ரிக்.

கர்னல் கைத்துப்பாக்கியை அவன் நெற்றியில் வைத்தார். பாலத்தின் மீது பெண்கள் குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு துப்பாக்கியை உறைக்குள் போட்டுவிட்டு, அறுந்து கிடந்த கம்பியின் நுனியைப் பூட்ஸ் காலால் சேற்றுக்குள் மிதித்து மறைத்தார்.