தேறியவள்

துணிப்பையின் முடிச்சு அவிழ மறுத்தது. பராமரிப்புக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

பைக்குள் சோம்பேறி சுருண்டு கிடந்தாள். சினையான தண்ணீர்ப் பாம்பு. ஆய்வுக்கூடத்தில் எல்லாப் பாம்புக்கும் எண்தான். இவளுக்கு மட்டும் பெயர் இருந்தது, அதுவும் ஆராய்ச்சியாளரின் காதுக்கு எட்டாத பெயர்.

எதிரே குளம். கரையெல்லாம் தேரைகள். எங்கிருந்தோ வந்து குடியேறிய இனம், தோல் முழுக்க விஷம். கவ்விய பாம்பெல்லாம் கவ்வியபடியே செத்தன. குளத்தில் பாம்பென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குத்தான் சோதனை. வேறு இடங்களில் பிடித்துவந்த ஒவ்வொரு பாம்புக்கும் தின்ன ஒரு தேரை.

பாம்பு ஒன்றும் விஷத்துக்குப் பழகிக்கொள்வதில்லை. தாங்காத உடம்பு சாகும். ஏதோ ஒன்று பிறவியிலேயே தாங்கும். அது குட்டி போட்டால் குட்டியும் தாங்கும். இப்படியே போனால் ஒருநாள் குளம் மறுபடி பாம்புகளுடையதாகிவிடும். ஆராய்ச்சியாளரின் கணக்கில் பிசகில்லை.

செத்தவற்றை அள்ளிப் போடுவது மட்டும் பராமரிப்புக்காரியின் வேலை. அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாட்டில் கை வைக்கவே பிடிக்காது.

சோம்பேறியின் முறை வந்த நாளில் ஆராய்ச்சியாளர் தாமதமாக வந்தார். பாம்பின் வாய்க்கு வெளியே இரண்டு பின்னங்கால்கள்தான் தெரிந்தன. மறுநாள் சோம்பேறி தலையைத் தூக்கிப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்திலிருந்த அத்தனை பேரையும் இழுத்து வந்து காட்டினார்.

பாம்பு மந்தமாக நகர்வதும் அவர் கண்ணில் பட்டது. விஷத்தைத் தாங்கும் உடம்பு அப்படித்தான் இருக்குமாம். யாருக்கும் தெரியாமல் கூடுதல் மீன் போட்டு வளர்த்தவள் மீன் வாளியைப் பின்னால் தள்ளிவைத்தாள்.

இப்போது அவர் வாய்கொள்ளாச் சிரிப்போடு பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, பெத்த பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புற மாதிரி அழறீங்க? இவ வயித்துல இருக்கிறதுங்கதான் இனிமே இந்தக் குளத்தையே ஆளப்போகுது!"

சொல்லிவிடலாம். அன்று அந்த வாய்க்குள் போனது தேரையே இல்லை, வாய்க்காலில் அவளே பிடித்துவந்த சாதாரணத் தவளை. மனசு கேட்காமல் செய்தது. தேறியதைக் குளத்தில் கொண்டு விடுவார்கள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சொன்னால் சோம்பேறி இதே பையில் கூடத்துக்குத் திரும்புவாள். அங்கே நிஜத் தேரை காத்திருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது.

சோம்பேறி அவள் மணிக்கட்டை ஒருமுறை சுற்றினாள். பிறகு மனமில்லாதவளைப் போலப் புல்லில் இறங்கி, நாக்கை நீட்டிப் பார்த்தாள். எட்டும் தூரத்தில் ஒரு தேரை கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. பாம்பைப் பார்த்தும் அது நகரவில்லை.

சோம்பேறி அதைத் தாண்டி ஊர்ந்து போனாள்.

"பார்த்தீங்களா, என்ன தைரியம்!" என்றார் ஆராய்ச்சியாளர்.

பராமரிப்புக்காரி தலையாட்டினாள். காலையில் வயிறு முட்ட மீன் கொடுத்திருந்தாள். இன்றைக்குப் பசிக்காது.