ஊசியின் காது

கடல் கடந்த ஊரொன்றில் சாமி பேரைச் சொல்லி ஒருவரையொருவர் வெட்டி, வீடுகளையும் கொளுத்திவிட்டார்கள் என்ற சேதி புத்த மடத்துக்கு வந்தது.

பிக்கு பிச்சை வாங்கும் கப்பரைக்கு வாய் பெரிசு. “எல்லாம் பசியால் வந்த வினை” என்று அடித்துச் சொன்னது. “இல்லவே இல்லை, நான் எனது என்கிற பற்றுதான்” என்று காவித்துணி மல்லுக்கு நின்றது.

ஊசிக்கு வாய் ஏது? காது மட்டும்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் காதில் நூலைக் கோத்துக்கொண்டு, கந்தல்களைச் சேர்த்துப் போர்வை தைக்க ஆரம்பித்தது.

“யாருக்கு இது? வெட்டினவனுக்கா, வெட்டுப்பட்டவனுக்கா?” என்று கப்பரை அதட்டியது.

“குளிரில் நடுங்குகிறவனுக்கு” என்றது காவித்துணி, ஊசிக்கு அடியில் தானும் போய்ப் படுத்தபடி.

கப்பரை பதில் சொல்ல வாயைத் திறந்தது. திறந்த வாயோடு அரிசிப் பானையை நோக்கி உருண்டது. அந்த ஊருக்குக் கப்பல் புறப்படும்வரை அது மறுபடி பேசவில்லை. வாய் நிறைய அரிசி.