விட்லோவுக்கு இரங்கல் வரிசை

வரிசை நகரவில்லை.

அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை முதல் நின்ற கால்கள். இங்கேயும் நிற்கத்தான் வேண்டியிருந்தது.

மண்டபத்தின் முன்னால் விட்லோவின் படம். வேட்டி கட்டிக்கொண்டு பொங்கல் பானைக்குப் பக்கத்தில் சிரிக்கிறார். கனடாவில், ஸ்காபரோவின் இந்தப் பக்கத்துக்கு இருபது வருடம் எம்.பி.யாக இருந்தவர். போன வாரம் இறந்துபோனார்.

படத்துக்குக் கீழே இரங்கல் புத்தகம். பக்கத்தில் அவருடைய மகள் கிளேர். அப்பாவின் அலுவலகத்தை நடத்துகிறவர். அடுத்த தேர்தலில் அப்பாவின் இடத்துக்கு அவர்தான் நிற்கிறார்.

அவளுடைய கைப்பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. நாடு கடத்தப்பட்ட மகன் திரும்பி வருவதற்கான விண்ணப்பம். அரசியலில் பெயருள்ள ஒருவர் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் வந்தாள். அழுவதற்கு அல்ல.

மகன் போய்ப் பதினொரு வருடம்.

நண்பனின் கார். பின்சீட்டில் ஒரு பை கஞ்சா. மகன் நிரோஜனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

நீதிமன்றத்துக்குக் குணநாயகம் அண்ணை கூட வந்தார். ஊர்ச்சங்கத் தலைவர். ஆங்கிலம் தேவைப்பட்ட எல்லா இடத்துக்கும் அவர்தான் வருவார்.

"தங்கச்சி, குற்றத்தை ஒத்துக்கொண்டா பிள்ளையை இண்டைக்கே வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம். வழக்கு இழுபட்டா சனம் முழுக்க அறிஞ்சுபோடும்."

அவள் அதை அப்படியே மகனிடம் சொன்னாள். சனம் அறியக்கூடாது. அவ்வளவுதான் யோசித்தாள். மகன் அம்மா சொன்னபடி செய்தான்.

அவனுக்குக் குடியுரிமை இல்லை. அதற்கான படிவம் எழுதாமலே மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஒத்துக்கொண்டால் விமானத்தில் ஏற்றுவார்கள் என்று குணநாயகம் அண்ணைக்கும் தெரிந்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல அவளுக்கு இப்போது தெம்பு இல்லை.

பிறகு விட்லோவின் அலுவலகத்துக்குக் கோப்போடு போனாள். சட்டம் சட்டம்தான் என்றார். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

நாலு வருடத்தில் அதே விட்லோ பாராளுமன்றத்தில் எழும்பி நின்று, கஞ்சா குற்றமே இல்லை என்று முழங்கினார். சட்டம் மாறியது. பேப்பர்காரர் அவரைத் துணிச்சல்காரர் என்று எழுதினார்கள்.

இப்போது அவள் பஸ் இறங்கும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு கஞ்சாக் கடை. வாசலில் பூச்சாடி. நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பையோடு வெளியே வருவார்கள். அவளைப் பார்த்துக் காலை வணக்கம் சொல்வார்கள்.

வரிசை நகர்ந்தது.

புத்தகத்தின் திறந்த பக்கத்தை வாசித்தாள்.

'தமிழரின் உற்ற நண்பர்.'

'கஞ்சாச் சட்டத்தை மாற்றிய உங்கள் பெயர் என்றும் நிலைக்கும்.'

'எங்கள் பிள்ளைகளைச் சிறையிலிருந்து காத்தவரே.'

எந்தப் பிள்ளைகளை?

அவளுக்கு எரிந்துகொண்டு வந்தது. பேனையை எடுத்து மகனின் பெயரை எழுதினாள். அவனை விமானத்தில் ஏற்றிய திகதியை எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை.

கிளேர் குனிந்து பார்த்தார். தமிழ் எழுத்து விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற குணநாயகம் அண்ணை வாசித்துச் சொன்னதும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"யார் இந்தப் பிள்ளை, தன்ர தகப்பனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா."

"சொல்லுங்கோ அண்ணை," என்றாள். "கோப்போட போய் நிண்டனான். தலையை நிமித்திக்கூடப் பாக்கேல்லை. என்ர பிள்ளையை ஏத்திப்போட்டாங்கள். பிறகு அந்தச் சட்டத்தை இவர்தான் மாத்தினவர். அப்பிடியே சொல்லுங்கோ."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

குணநாயகம் அண்ணை அவளைப் பார்த்தார். கிளேரைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார். அவள் சொன்னதைவிட நீளமாகப் பேசினார்.

அவளுக்குப் பேசத்தான் வராது. கேட்டால் விளங்கும்.

விட்லோ மிகவும் கனிவானவர் என்றார். இந்தத் தாய்க்காகக் கடைசிவரை முயன்றார் என்றார். இந்தப் பிள்ளைக்கு நடந்தது அவருடைய மனதை உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் சட்டத்தையே மாற்றினார் என்றார்.

கிளேரின் கண் நிறைந்துவிட்டது. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

'நோ' என்று சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அந்த ஒரு சொல் அவளிடம் இருந்தது. தொழிற்சாலையில் தினமும் சொல்கிற சொல்.

மெதுவாகக் கைகளை விடுவித்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்தாள்.

கிளேர் விண்ணப்பத்தை வாங்கி நின்றபடியே வாசித்தார். கண்ணைத் துடைத்தார். பேனையை எடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தைக் கண்டுபிடித்தார்.

பிறகு நிமிர்ந்து, குணநாயகம் அண்ணையிடம் இன்னொன்று கேட்டார்.

"வாற ஞாயிற்றுக்கிழமைத் தேர்தல் கூட்டத்திலை, தன்ர தகப்பனைப் பற்றி நீங்க இதை மேடையிலை சொல்லுவியளோ எண்டு கேக்கிறா."

இதை அவர் ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தார்.

பேனை காகிதத்துக்கு மேலே நின்றது. வரிசை பின்னால் காத்துக்கொண்டிருந்தது. கால் வலித்தது.

"எத்தினை நிமிசம் கதைக்கவேணும் எண்டு கேளுங்கோ, அண்ணை," என்றாள்.