வீட்டில் செய்தது

கொதிக்கிற தண்ணீரில் வெனிலா எசென்ஸை நாலு சொட்டு விட்டாள். வாசனை சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"இன்னிக்கும் பிஸ்கட்டாம்மா?" என்று மகள் அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"ஆமாண்டி. ஓவன்ல வேகுது, வந்து திறந்துடாதே."

ஓவனுக்குள் இருந்தவை இரண்டு வாணலியும் ஒரு குக்கர் மூடியும்தான். மைதா டப்பா காலியாகி வெகு நாளாகிவிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கைப்பையிலிருந்த பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரித்து டப்பாவில் கொட்டினாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்று பிள்ளைகளின் சின்னச் சந்தை. கடையில் வாங்கியது கூடவே கூடாது, எல்லாம் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது டீச்சரின் கண்டிப்பு. "நான் பிஸ்கட் செஞ்சு தரேன், நீ அதுக்குப் பெட்டி செய்" என்று இவளும் வீராப்பாக வாக்குக் கொடுத்துவிட்டாள். முதல் தடவை வந்த பிஸ்கட்டை வைத்துச் சுவரில் ஆணி அடித்திருக்கலாம்.

இவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து ஊர்க்காரர்கள் கையையெல்லாம் குத்திவிட்டு வருகிறவளுக்கு மறுபடி மாவு பிசையத் தெம்பில்லை. அந்த நிலையத்துக்குப் பின்தெருவில்தான் வீட்டிலேயே பிஸ்கட் போட்டு விற்கிற ஒரு பெண்மணி இருந்தாள். எல்லோருக்கும் அவள் பிஸ்கட் அக்கா.

"ருசி கூடியிருக்கே அக்கா" என்று இவள் ஒருநாள் வாசல் கேட்டில் நின்றபடி சொன்னாள்.

"உள்ளே புதுசா ஒரு ஆளைச் சேர்த்திருக்கேன். நல்ல கைப்பக்குவம்" என்றாள் அக்கா, பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டிக்கொண்டே.

இவள் கூடத்துக்கு வந்தாள். மகள் பழைய காலண்டர் தாள்களை மடித்துப் பெட்டி செய்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் கோணலாக ஒரு காகிதப் பூ. இப்போது நாக்கைத் துருத்திக்கொண்டு, பெட்டிக்குப் பெட்டி ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்: 'என் அம்மா செய்தது'.

இவளுக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் எதுக்குடி எழுதிக்கிட்டு?"

"எழுதாட்டி எப்படித் தெரியும்? டீச்சர்கிட்டகூட போன்ல சொல்லிட்டேன், எங்கம்மா வேலைக்கும் போயிட்டு வந்து செய்யறாங்கன்னு."

முதல் நாளே முடியவில்லை என்று சொல்லியிருந்தால் குழந்தை ஒரு வேளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், அதோடு போயிருக்கும். இப்போது பள்ளிக்கூடமே பார்க்க ஒரு பொய்யைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கப் போகிறது.

கணவன் வந்தான். அச்சகத்தில் வேலை. கொஞ்ச நாளாக ஓவர்டைம் என்று வருவதற்கு நேரமாகிறது, முகமும் வாடிப்போயிருக்கிறது. அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். அதிலும் வெனிலா வாசனை. தான் கிளப்பிவிட்ட வாசனை, உள்ளே நுழைந்தவர் சட்டையில்கூட ஒட்டிக்கொள்கிறதே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்பா, அம்மா செஞ்சது. சுடச்சுட" என்று மகள் டப்பாவை நீட்டினாள்.

அவன் ஒன்றை எடுத்தான். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி டப்பாவிலேயே வைத்தான். "பசியில்லடா."

பிஸ்கட் டப்பாவை இவனுக்குப் பயந்து ஒளித்து வைத்த காலம் உண்டு. இப்போது ஒரு துண்டுகூட வாயில் போடுவதில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"இன்னும் ரெண்டு பெட்டி காலியா இருக்கும்மா. நாளைக்கு உனக்கு லீவுதானே? சேர்ந்து செய்யலாம். எப்படிச் செய்யறதுன்னு யாராவது கேட்டா நான் சொல்லணும்ல?"

"செய்யலாம், செய்யலாம். முதல்ல பக்கத்து வீட்ல போய் கொஞ்சம் பசை வாங்கிட்டு வா."

மகள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று இவள் கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க."

"சொல்லு."

"இதுல எதையுமே நான் செய்யலங்க. வெளியில வாங்கினது. எங்க நிலையத்துக்குப் பின்தெருவுல பிஸ்கட் அக்கான்னு ஒருத்தங்க. குழந்தைகிட்ட தினமும் பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். அது எழுதி வெச்சிருக்கிறதைப் பார்க்கவே முடியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. டப்பாவை மூடி மெல்லத் தள்ளி வைத்தான்.

"தெரியும்."

"தெரியுமா? அந்த அக்கா போட்டுக் கொடுத்துட்டாங்களா?"

"அவங்களுக்கு நீ என் பொண்டாட்டின்னே தெரியாது."

"அவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் தரையைப் பார்த்தான். சற்று முன் அவளுக்கு இருந்த அதே குரல் இப்போது அவனுக்கு வந்துவிட்டது.

"நீயும் திட்டக் கூடாது. அச்சகத்தை மூடி ரெண்டு மாசமாச்சு. இதெல்லாம் நான் செஞ்சது."