மலை மேல் கடல் ஆமை

"மலையில ரோடு போடுறோம். அங்கே எங்கேம்மா வந்துச்சு கடல் ஆமை?"

டைரக்டர் போட்ட சத்தத்தில் ஆபீஸே எழுந்து நின்றது. அவர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. வாசலை ஒட்டி என் மேஜை. காதை மூடிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

எதிரே நின்றவர் எங்கள் சுற்றுச்சூழல் அதிகாரி. அடுத்தவர் ஃபைலில் ஒரு கமா விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் 'டீச்சரம்மா' என்றுதான் சொல்வோம். அவர் எழுதிய திட்ட அறிக்கையில்தான் இந்தக் கூத்து!

"'ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் பாறைக்கு வெடி வைக்கக் கூடாது.' நிதியுதவி குடுக்கிற நாட்டுக்காரர் போன்ல படிச்சுக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறார். என் மானமே போச்சு! மூணு மணிக்கு ஒப்பந்தத்துல கையெழுத்தும்மா!"

டீச்சரம்மா மேஜையில் இருந்த அறிக்கையை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சுற்றுச்சூழல் பற்றிய ஏழாவது அத்தியாயத்தை எங்கள் ஆபீஸில் யாரும் புதுசாக எழுத மாட்டோம். பழைய ஃபைலில் இருந்து எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவோம். இவரும் ஏதோ துறைமுகத் திட்டத்தில் இருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்!

"அடுத்த மாசம் உங்களுக்கு ப்ரமோஷன். இந்த லட்சணத்துல நான் எப்படி சிபாரிசு பண்றது? முதல்ல அந்த வரியை அடிங்க."

"அடிச்சிடறேன் சார். அதுக்குக் கீழே இருக்கிறதையும் ஒரு தடவை படிச்சிடுங்க."

"அதுல என்ன, திமிங்கலமா?"

முணுமுணுத்துக்கொண்டே படித்தார். சத்தம் குறைந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி முதலில் இருந்து படித்தார்.

"வெடி வைக்கிற இடத்துக்கு நேர் கீழே ஊற்றா?"

"மலையடியில இருக்கிற நாலு ஊருக்கும் குடிக்க அது ஒண்ணுதான் சார். பாறை விரிசல் விட்டா தண்ணி வேற பக்கம் போயிடும். ரோட்டை அரை மைல் மேற்கே தள்ளிப் போட்டா ஊற்று தப்பிச்சிடும். ஒரு வாரம் அங்கேயே தங்கி நடந்து பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"சார், இன்னிக்குக் கையெழுத்து வேண்டாம். ரோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடணும்... ஐயோ, ஆமைக்காக இல்லை சார்!"

போனை வைத்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா, இவ்வளவு பெரிய விஷயத்தை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"ஊற்று வத்திடும்னு மூணு அறிக்கையில எழுதினேன் சார், ஒருத்தரும் கூப்பிடல. நாலாவதுல வேணும்னே ஆமையைச் சேர்த்தேன். பத்தே நிமிஷத்துல கூப்பிட்டுட்டீங்க."