முதல் பயணத்துக்கு ஒருவர்

தரையிறங்கும்போது டயர் வெடித்த விமானத்துக்கு ஜெசிந்தா புது டயரும் பிரேக்கும் மாட்டி முடித்தாள். சட்டப்படி, பழுது பார்த்தவர் வீட்டிலிருந்து ஒருவர் அதன் முதல் பயணத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் வேலையில் அக்கறை இருக்குமாம்.

திருச்சி விமான நிலையத்தில் அதற்கென்றே ஒரு கூடம் இருந்தது. அங்கே காத்திருந்தவர்கள் எல்லோரும் கிழவர்கள், கிழவிகள். ஜெசிந்தா தன் மாமனார் சவரிமுத்துவுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“பிரேக்கை நல்லா பாத்தியாம்மா?”

“ரெண்டு தடவ பாத்தேன் மாமா. பயமே வேண்டாம்.”

“அப்ப பேரனை அனுப்பியிருக்கலாமே. பிளேன்ல போகணும்னு எவ்வளவு நாளா அழுவுறான்.”

“அவனுக்குப் பரீட்சை மாமா.”

சவரிமுத்து கைத்தடியை ஊன்றி எழுந்து வரிசையில் போய் நின்றார்.

“மே மாசத்துல என்னம்மா பரீட்சை?”