பாஸ்டரம்மாவுக்கு மறைத்த தொப்பி

ஆராதனை முடிந்த கையோடு பாஸ்டர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சிஸ்டர் வெர்னிஸ், அடுத்த ஞாயிறு கொஞ்சம் சின்னத் தொப்பியா போட்டுட்டு வரக்கூடாதா?"

எழுபத்திரண்டு வயது வெர்னிஸின் தலையில், மூன்று இறகு செருகிய ஊதாத் தொப்பி குடையாக விரிந்திருந்தது. அமெரிக்காவின் மேக்கன் நகரில் மழை வந்தால் அதன் கீழே நாலு பேர் ஒதுங்கலாம்.

"ஏன் பாஸ்டர்? எங்கம்மா வாரம் பூரா அடுத்தவங்க வீட்டுல ஏப்ரன் கட்டி வேலை பார்த்தாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் தொப்பி வச்சு ராணியா வருவாங்க. நான் குறைச்சுக்கணுமா?"

"ஐயோ, அதில்ல. உங்க பின்னாடி உக்கார்ற என் வீட்டம்மாவுக்கு என் முகமே தெரியல. பாவம், நான் பேசுறதை ஒரு வார்த்தை விடாம கேக்குறவ."

"தொப்பி வரக்கூடாதுன்னா நானும் வரல."

பாஸ்டர் பெருமூச்சோடு நகர்ந்தார். அவர் தலை மறைந்ததும் பாஸ்டரம்மா லொரெய்ன் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒத்துக்கிட்டீங்களா?"

"மாட்டேன்னுட்டேன்."

"அப்பாடா! சனிக்கிழமை வீட்டுல இதே பிரசங்கத்தை நாலு தடவை என்கிட்ட ஒத்திகை பாக்குறாரு. இங்கயாவது நான் கண்ணை மூட வேணாமா?"

"தாராளமா மூடு. குறட்டையை மட்டும் குறைடி, இறகெல்லாம் ஆடுது."